ஊரைக் கேட்டபின் வேலையைத் தொடங்குக!

(உரும்பிராயில் கூடிய ஊர்மக்கள் கூட்டத்திலே சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)

  

இக்கூட்டத்துக்கு என்னை அழைக்க வந்த அன்பர்கள், வீதி, வாய்க்கால், குடிநீர் என்று ஊரிலே நடைபெறும் வேலைகளைப் பற்றிப் பேசவேண்டும் என்றனர். அரசியற்காரனை அழைத்து வீதியைப் பற்றிப் பேசச் சொன்னால், வீதி போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவன் போய்விடுவான். நான் அத்தகைய வாக்கு எதனையும் தர வரவில்லை. வீதி போடுமுன் உங்களைக் கேட்டார்களா? கேட்கவில்லையாயின் கேட்கச் செய்வதற்கு வழி யாது? இதைப் பற்றியே பேச வந்தேன்.

நான் காணி வழக்குகளிலே காலங் கழிப்பவன். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி ஆகிய ஊர்களின் தோட்டக் காணி உறுதிகளை வாசிப்பது என் அன்றாடத் தொழில். அவ்வுறுதிகளிலே ஒரு வாசகம் பெரும்பாலும் தவறாமல் வரும். இத்தனை பரப்புக் காணி என்று எழுதியதோடு நொத்தாரிசு நிறுத்திவிடமாட்டார். அதனோடு கிணற்றிலே இத்தனையில் ஒரு பங்கு, வழிவாய்க்காலிலே பங்கு என்று சேர்த்தே எழுதுவார். காணியை விற்றாலும் சீதனமாகக் கொடுத்தாலும் அப்பங்கு காணியோடு கூடவே போகும். ஒரு கிணற்றுக்கு நான்கு பங்காளர் இருந்தால் நால்வருக்கும் இறைப்பு முறை உண்டு. ஒருவர் விடியற்காலையிலே இறைப்பார். மற்றவர் வெயில் தாழ்ந்தபின் இறைப்பார். கிணற்றை மேலும் ஆழமாக்க வேண்டுமாயினும், துலாவை எடுத்துவிட்டு இயந்திரம் பூட்ட வேண்டுமாயினும், ஏனைய பங்காளரைக் கேட்காமல் ஒருவர் தொடங்குவதில்லை. தொடங்கினால் வழக்கு வரும். அத்தகைய வழக்குகளினாலே என்னைப் போன்ற சிலர் இன்றும் சீவித்து வருகிறோம் என்பதை நான் மறைக்கவில்லை.

நான்கு பேருக்கு உரிய ஒரு கிணற்றுக்கு இது முறையாயின், நாலாயிரம் பேருக்கு உரிய வீதிக்கும் வெள்ளவாய்க்காலுக்கும் நிலத்தடி நீருக்கும் என்ன முறை? அங்கே எவரையும் கேட்கத் தேவையில்லை என்ற ஒரு வழக்கம் எங்ஙனம் வந்து புகுந்தது?

நான் கண்ட ஒன்றைச் சொல்லுகிறேன். வலிகாமத்திலே ஓர் ஊர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு வீதியை உயர்த்திக் காப்பெற் போட்டார்கள். அளக்க வந்த உத்தியோகத்தர் ஆவணி மாதத்து வெயிலிலே வந்தார். தரை எலும்பு போல் காய்ந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டத்திலே மிளகாய்க் கன்றுக்கு நீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு முதியவர் மண்வெட்டியோடு வீதிக்கு வந்து, “தம்பி, மாரியிலை வெள்ளம் இதாலைதான் குளத்துக்குப் போறது. இதிலை ஒரு மதகு விடுங்கோ” என்றார். “அப்பு, வரைபடத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை” என்று மறுமொழி வந்தது. உத்தியோகத்தர் கெட்டவர் அல்லர். அவர் சொன்னது உண்மை. வரைபடத்திலே அது இல்லை. அது முதியவருடைய நினைவிலேதான் இருந்தது. கார்த்திகையிலே மழை வந்தது. வீதி அணைக்கட்டாயிற்று. அதற்கு மேற்குப் புறத்திலிருந்த வெங்காயம் முழுவதும் நீரிலே அழுகிற்று. கிழக்குப் புறத்திலிருந்த குளம் அவ்வாண்டு நிரம்பவில்லை. பின்னர் புதிய வீதியை வெட்டி மதகு வைத்தார்கள். அந்த மதகுக்கு ஆன செலவும் மக்களுடைய பணமே.

அந்த முதியவரைக் கேட்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? ஒரு தேநீருக்குக்கூட அவர் பணம் கேட்டிருக்கமாட்டார்.

குளம் நிரம்பாமற் போனதை ஏன் பெரிதாகச் சொல்லுகிறேன் என்று நகரத்திலே உத்தியோகம் பார்க்கும் சிலர் நினைக்கலாம். நம் நிலத்தின் இயல்பை அவர்கள் மறந்திருக்கக் கூடும். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு; அதுவும் மாரியிலே ஓடி அராலிப் பக்கத்திலே கடலேரியிற் சேர்ந்துவிடும். நமக்கு ஆறும் ஏரியும் எல்லாம் காலுக்குக் கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்தான். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை, செம்மண்ணினூடாக இறங்கிக் கல்லின் பிளவுகளிலே தங்குகின்றது. அந்நன்னீருக்குக் கீழே கடலின் உப்புநீர் கிடக்கின்றது. நன்னீர் பாரமற்றதாகையால் அதன்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலோர் கண்ட கணக்கு. இக்கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே 1 அடியை நாம் இழந்தால், கீழே 40 அடிக்கு உப்பு ஏறிவருவதற்கு இடமுண்டாகும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே இவ்வூரிலே வீதியை உயர்த்துவதும், குளத்தை நிரவிக் கட்டடம் எழுப்புவதும், வெள்ளத்தை விரைவாகக் கடலுக்கு அனுப்பும் வாய்க்காலைக் கட்டுவதும் கண்ணுக்குத் தெரியாத இந்நீரோடு செய்யும் வேலைகளே. குடாநாட்டிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களையும் கேணிகளையும் முன்னோர் தோண்டி வைத்தது அழகுக்காக அன்று. மழையைத் தடுத்து நிறுத்தி நிலத்துக்குள் இறக்குவதற்காகவே. எந்தக் குளத்துக்கு எந்தத் தோட்டத்து வழியாக நீர் வருகிறது என்பதை அறிந்தவர்கள் இந்த மண்டபத்திலே இருக்கிறார்கள். கந்தோரிலே இல்லை.

கேளாமற் செய்த வேலையின் பலன் வெங்காயத்தோடு நின்றுவிட்டால் ஒரு போகத்து நட்டம் என்று விட்டுவிடலாம். அது கிணற்றுக்குள் இறங்கினால்? இவ்விடத்திலிருந்து சைக்கிளிலே அரைமணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே மின்நிலையச் சுற்றாடலிலுள்ள கிணறுகளிலே எண்ணெய் மிதந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளிலே எண்ணெய், கிறீசு ஆகியன அளவுக்கு மிஞ்சி இருப்பதாகப் பரிசோதனைகள் காட்டின. பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்த நீரை வெறுத்து, மக்கள் போத்தல் நீருக்கும் பவுசர் வண்டிக்கும் கையேந்தி நின்றனர். எண்ணெய் யாருடையது, எந்தக் காலத்தது என்ற வாதம் ஒரு புறம்; நஞ்சு உண்டா இல்லையா என்ற வாதம் மறுபுறம். மக்கள் வீதிக்கு வந்தனர், நீதிமன்றத்துக்கும் வந்தனர். 2015 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை மனு தாக்கலாயிற்று. 2019 ஏப்ரில் 4 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அங்கே மின்னுற்பத்தி நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும். பாதிக்கப்பட்ட ஒருவருக்கு மிகக் கூடியது 40,000 ரூபா என்று அளவிட்டு அப்பணம் பங்கிடப்பட வேண்டும் என்பது ஆணை.

சட்டத்தரணி என்ற முறையிலே அத்தீர்ப்பை நான் போற்றுகின்றேன். மாசுபடுத்தியவனே அதற்குப் பொறுப்பு என்ற நியாயத்தை அது நம் மண்ணிலே நிலைநாட்டிற்று. ஆயினும் கிணற்றுக்காரன் என்ற முறையிலே ஒன்று கேட்கிறேன்: 40,000 ரூபாவுக்கு உங்கள் கிணற்றை விற்பீர்களா? அந்த மின்நிலையம் நாளொன்றுக்கு எவ்வளவு எண்ணெய் எரிக்கும், கழிவெண்ணெயை எங்கே விடும், அதற்கும் கிணறுகளுக்கும் இடையே தூரம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை, அத்திவாரம் வெட்டுமுன் அவ்வூரவர் எழுத்திலே கேட்டு எழுத்திலே மறுமொழி பெற்றிருந்தால், நான்கு ஆண்டு வழக்காட வேண்டி வந்திராது. அவர்கள் கேளாதது அவர்களுடைய குற்றமன்று. கேட்கலாம் என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. சுன்னாகத்துக் கல்லும் உரும்பிராய்க் கல்லும் ஒரே நிலநீர்ப் படுக்கை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேட்டு, தடுத்து, ஒரு பெருந்திட்டத்தையே மாற்றிய மக்களும் நம்மிடையே உண்டு. அது நமக்குச் சற்றுக் கசப்பான கதை. ஏனெனில் அங்கே தடுக்கப்பட்டவர்கள் நாம்.

2010 ஆம் ஆண்டு, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடும் பிரான்சிய அபிவிருத்தி முகவரகத்தின் உதவியோடும் யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் வகுக்கப்பட்டது. மொத்த மதிப்பீடு ஏறக்குறைய 16 கோடி 40 இலட்சம் அமெரிக்க டொலர். இரணைமடுக் குளத்திலிருந்து நாள்தோறும் 27,000 கனமீற்றர் நீரைக் குழாய் வழியே குடாநாட்டுக்குக் கொண்டுவருவது அதன் அடிப்படை. கிளிநொச்சிக் கமக்காரர் எழுந்தனர். “சிறுபோகத்துக்கு எங்களுக்கே நீர் போதாது. உள்ள வயலிலே ஒரு பகுதியைத்தான் விதைக்கிறோம். கொடுத்த நீருக்கு யார் பொறுப்பு?” என்று கேட்டனர். இங்கே நம்மவர் சிலர் அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று ஏசினர். நானும் அந்நாளிலே அவ்வாறு நினைத்ததுண்டு. பின்னர் இரணைமடு வாய்க்காற் கரையிலே அக்கமக்காரரோடு இருந்து கணக்கைக் கேட்டபின் என் எண்ணம் மாறிற்று. குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல் உண்டு. வானம் பொய்த்த ஆண்டிலே குடிநீருக்கு முதலிடமா, நெல்லுக்கு முதலிடமா என்று கேட்டால், எழுத்திலே மறுமொழி சொல்ல அந்நாளிலே எவரும் இருக்கவில்லை. அவர்கள் கேட்டது நம்முடைய உறுதிகளிலே நாம் எழுதி வைத்திருக்கும் அதே பங்குக் கணக்குத்தான்.

முடிவிலே இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் எண்ணம் கைவிடப்பட்டு, வடமராட்சி கிழக்கிலே தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்பது அதன் அளவு. 2024 ஆகத்து 2 ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. திட்டம் ஒப்புதல் பெற்ற நாளிலிருந்து பதினான்கு ஆண்டு! கிளிநொச்சிக் கமக்காரரை 2010 இற்கு முன்னரே அழைத்து இருத்திக் கேட்டிருந்தால், இப்பதினான்கு ஆண்டிலே எத்தனை ஆண்டு மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடல்நீர் வந்ததோடு கேள்விகள் முடிந்துவிட்டனவா? கடல்நீரை நன்னீராக்க ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 அலகு மின்சாரம் செல்லும். முழு அளவிலே ஓடினால் நாளொன்றுக்கு 72,000 தொடக்கம் 96,000 அலகு வரை. இச்செலவு நம் வீட்டுக் கட்டணத்தில் ஏறுமா, திறைசேரி தாங்குமா? பிரித்தெடுத்த உப்புநீரை மீண்டும் கடலுக்கு விடும்போது மீன்பாட்டுக்கு என்னவாகும் என்று அப்பகுதிக் கடற்றொழிலாளர் அஞ்சினர். குழாய் நீர் நமக்கு வரும்போது, “எங்கள் தாகம் தீர்ந்தது” என்று நாம் திரும்பிப் படுத்துவிடலாமா?

இந்த இடத்திலே ஒரு பழைய திட்டத்தை நினைவூட்டாமல் விட முடியவில்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1954 இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கான ஆற்றுத் திட்டத்தைச் சொல்லுகிறேன். ஆனையிறவுக் கடலேரியைக் கடலிலிருந்து பிரித்து, கனகராயன் ஆறும் பிற ஆறுகளும் கொண்டுவரும் மழைநீரால் அதனை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடலேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவருவது அத்திட்டம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் அமைந்தன. 1960 களிலே ஆனையிறவுப் பக்கத்து வேலைகளும் பாதி நடந்தன, பின்னர் நின்றன. உப்பாறு நமக்குக் கிழக்கே, கோப்பாய் எல்லையிலே கிடக்கிறது. அது நன்னீரானால் நம் கிணறுகளுக்கு என்ன நன்மை, கரையோரத்து வயலுக்கும் மீன்பிடிக்கும் என்ன விளைவு என்று உரும்பிராய் மக்கள் ஒரு நாளாவது கூடிப் பேசியதுண்டா? ஆறுமுகம் திட்டம் என்று மேடையிலே சொன்னாற் கைதட்டுவோம். அதன் வரைபடத்தை விரித்துப் பார்த்தவர் நம்மிலே எத்தனை பேர்? கைதட்டு கருத்தாகாது.

இனிச் சட்டத்துக்கு வருகின்றேன். சலிப்படைய வேண்டாம், சுருக்கமாகவே சொல்வேன்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம், 1988 இலே திருத்தப்பட்டபின், குறித்துரைக்கப்பட்ட பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடற் தாக்க மதிப்பீடு வேண்டும் என்கிறது. அவ்வறிக்கை வெளியாகும்போது வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரவேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்து எழுதி அனுப்பலாம். எவரும் என்றால் பொறியியலாளர் மட்டும் அல்லர். மிளகாய்த் தோட்டத்து முதியவரும்தான். ஆனால் இச்சட்டத்தின் வலையிலே பெரிய மீன்களே விழும். பெருவீதியாயின் 10 கிலோமீற்றருக்கு மேல் நீள வேண்டும். நம் ஒழுங்கையும் மதகும் அதற்குள் அடங்கமாட்டா.

அவற்றுக்கு வேறொரு சட்டம் உண்டு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பலர் அறிவீர்கள். கேட்டால் தருவார்கள் என்ற அளவிலேயே அதை அறிந்திருக்கிறோம். அதன் 9 ஆம் பிரிவைப் படித்தவர் சிலரே. உள்நாட்டுப் பணத்திலே 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட ஒரு திட்டமாயினும், வெளிநாட்டுப் பணத்திலே 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட திட்டமாயினும், அது தொடங்குவதற்கு 3 மாதங்களுக்கு முன்னரே, பொதுமக்களுக்கும், அதனாற் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் அதுபற்றிய தகவல்களை அறிவிப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை என்கிறது அப்பிரிவு. அவசரத் திட்டங்களுக்குக் காலம் குறைவு. கடமை இல்லாமற் போகவில்லை. இன்று 5 இலட்சம் ரூபாவுக்கு என்ன வேலை நடக்கும்? ஒரு மதகுகூடச் சரியாகக் கட்டி முடியாது. ஆகவே நம் ஊரிலே நடைபெறும் அமைச்சு வேலைகளிற் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் வருவன. மூன்று மாதத்துக்கு முன் உங்களுக்கு அறிவித்தார்களா? அறிவிக்கவில்லையே என்று நீங்களாவது கேட்டீர்களா?

கேட்காதவனுக்குச் சட்டம் ஊமை. கேட்டவர்களுக்கு அது பேசியதுண்டு. அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையிலே பொசுப்பேற்றுக் கனிவளத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒப்படைக்க அரசாங்கம் ஒப்பந்தம் வகுத்தபோது, அவ்வூரிலே வயலும் தோட்டமும் உடைய சிலரும் ஒரு விகாரையின் பிக்குவுமாக ஏழு பேர் உயர் நீதிமன்றம் சென்றனர். வேலை தொடங்கிவிடவில்லை; தொடங்கினால் தம் நிலமும் பழைய ஜய கங்கை வாய்க்காலும் அழியும் என்பதே அவர்களின் வாதம். 2000 ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு அவர்களுக்குச் சார்பாக வந்தது. முழுமையான ஆய்வும் சட்டப்படியான சுற்றாடல் மதிப்பீடும் இன்றி அத்திட்டம் நகரக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அவர்கள் சிங்களக் கமக்காரர். நாம் படிக்க வேண்டிய பாடத்தை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதமே. “பொங்கல் போகட்டும், திருவிழா முடியட்டும்” என்று என்னிடம் வருவோருக்கு நான் தேநீர் கொடுக்கலாம். மனு எழுத முடியாது.

நம் உள்ளூர் மன்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையைச் சேர்ந்தவர்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவை, வீதி ஆகியவற்றை அச்சபையின் பொறுப்பிலே விட்டிருக்கிறது. உறுப்பினரல்லாத ஊரவரையும் சேர்த்து ஆலோசனைக் குழு அமைக்கவும் இடந்தருகிறது. ஆண்டுதோறும் பாதீட்டு வரைவு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகிறது. பார்க்கப் போனவர்களைத்தான் நான் அதிகம் கண்டதில்லை. 2018 பெப்ரவரியிலே தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சிலே முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் நாளே நடந்தது. இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உங்கள் வீதிக்கும் வடிகாலுக்கும் வாக்குப் பெற்ற ஒருவரும் பொறுப்பாயிருக்கவில்லை; செயலாளரே சபை. அந்நாளிலே நாட்டிலே பெரிய கிளர்ச்சி எழுந்ததா? இல்லை. உள்ளூர் மன்றம் இல்லாதிருந்ததை உள்ளூரவரே உணரவில்லை என்பது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. என் போன்ற அரசியற் பணியாளருக்கு அந்த வெட்கத்திலே பெரும்பங்கு உண்டு.

இதுவரை ஊரைக் கேட்க வேண்டும் என்று பிறரைக் குற்றஞ் சொன்னேன். இனி நமக்குள்ளே ஒரு கேள்வி. ஊர் என்றால் யார்?

தேசவழமையை ஒல்லாந்தர் 1707 இலே எழுத்தில் வடித்தனர். கிளாசு ஐசாக்சு என்பவர் தொகுத்தார். தொகுத்ததை அப்படியே சட்டமாக்கவில்லை. 12 முதலியார்களிடம் கொடுத்து, இது உங்கள் நாட்டு வழக்கந்தானா என்று கேட்டனர். அவர்கள் ஆம் என்றனர். பிற நாட்டான்கூட மக்களைக் கேட்டே சட்டம் செய்தான் என்று இதனை மேடைகளிலே பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தத் தேசவழமையிலே அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அப்பகுதியைப் பற்றி அவ்வடிமைகளிலே ஒருவரையாவது கேட்டனரா? பன்னிரு முதலியார்கள் ஆம் என்றால் நாடே ஆம் என்றதாயிற்று.

1844 இலே அடிமை முறை இந்நாட்டிற் சட்டத்தால் ஒழிந்தது. 1957 இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆயினும் கிணற்றடியிலே நின்று, வேறொருவர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்திருந்த பெண்களின் பிள்ளைகள் இந்த ஊரிலே இன்றும் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்களுக்கு உறுதியிலே கிணற்றுப் பங்கு எழுதப்படவில்லை. காணியே இல்லாதபோது பங்கு எங்கே வரும்? இன்று நாம் ஊர்க் கருத்து என்று ஒரு தாளிலே எழுதி அனுப்பும்போது, அதிலே காணிக்காரரின் கையொப்பம் மட்டும் இருந்தால், நாம் அந்தப் பன்னிரு முதலியார்களிலும் எவ்வகையிலே உயர்ந்தவர்கள்?

கேரளத்திலே பாலக்காட்டு மாவட்டத்தில் பிளாச்சிமடை என்று ஓர் ஊர். கொக்கா கோலாக் கம்பெனி அங்கே தொழிற்சாலை வைத்து நிலத்தடி நீரை இறைத்தது. கிணறுகள் கெட்டன. 2002 ஏப்ரிலிலே தொழிற்சாலை வாயிலில் முதலில் அமர்ந்தவர்கள் காணி படைத்த பெரியோர் அல்லர். மயிலம்மா என்ற தாயோடு அப்பகுதிப் பழங்குடிப் பெண்களே. அவர்கள் அமர்ந்தபின்பே பெருமாட்டிப் பஞ்சாயத்து விழித்து 2003 இலே அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சிலே தொழிற்சாலை நின்றது. நீரைச் சுமந்து வருபவளுக்குத்தான் நீர் கெட்டது முதலிலே தெரியும். இயந்திரத்தின் பொத்தானை அமுக்குபவருக்கு அது பிறகுதான் தெரியும்.

பொத்தானை அமுக்கும் கமக்காரரிடமும் ஒரு சொல். கோபிக்க வேண்டாம். நம் செம்மண் தோட்டங்களிலே யூரியா கொட்டும் அளவை நீங்களே அறிவீர்கள். வெங்காயம் உண்டது போக மிகுதி கிணற்றுக்கு இறங்குகிறது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த நைத்திரேற்று எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்துவிட்டன என்று 1980 கள் தொடக்கமே ஆய்வாளர் எழுதி வருகின்றனர். கிணற்றுக்கு அண்மையிலே வெட்டும் மலக்குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. அந்த நைத்திரேற்றாற் பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவை ஏற்க முடியாது உடல் நீலம் பாரிக்கும். சுன்னாகத்து எண்ணெயைக் கண்டு கொதித்த நாம், இதனைப் பற்றி வாய் திறக்கவில்லை. எண்ணெய் மிதந்தது, நைத்திரேற்று கரைந்து கிடக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு. அரசாங்கத்தின் திட்டத்தைக் கேள்வி கேட்கும் கூட்டம் தன் தோட்டத்தையும் கேள்வி கேட்க வேண்டும். இல்லையேல் கந்தோரிலே இருப்பவர் நம் மனுவைப் படித்துவிட்டுச் சிரிப்பார்; அவர் சிரிப்பதிலே நியாயமும் இருக்கும்.

நேரம் போய்விட்டது. செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சனசமூக நிலையத்திலே ஒரு கொப்பி வையுங்கள். மாரியிலே எந்த ஒழுங்கையிலே எத்தனை நாள் வெள்ளம் நின்றது, எந்த மதகு அடைபட்டது, எந்தக் கிணற்று நீர் பங்குனி சித்திரையிலே உவர்க்கத் தொடங்கியது, எத்தனை முழம் இறங்கியது என்று நாள் குறித்து எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். மூன்று மாரி எழுதினால், எந்தப் பொறியியலாளரும் புறக்கணிக்க முடியாத சான்று உங்கள் கையில் இருக்கும். வாய்ச்சொல்லாற் சொன்ன முதியவரை வரைபடம் வென்றது. எழுதி நாள் குறித்து வைத்ததை வெல்வது அத்துணை எளிதன்று. நீதிமன்றத்திலும் அதற்கு மதிப்பு உண்டு.

இரண்டாவது, தகவல் கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதி வந்திருக்கிறேன். வருகிற ஓராண்டுக்குள் உரும்பிராயிலே எந்தெந்த வீதி, வடிகால், குழாய் வேலைகள் செய்யத் திட்டமிடப்பட்டுள்ளன, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம், யாருடைய பணம், வரைபடத்தை எங்கே பார்க்கலாம் என்ற நான்கு கேள்விகளே அதில் உள்ளன. தமிழிலேயே எழுதியிருக்கிறேன், தமிழிலேயே மறுமொழி வரவேண்டும். வேலைநாள் 14 இற்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யும் பொறுப்பை நான் ஏற்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை.

அத்தாளை இம்மேசையிலே வைக்கின்றேன். முன்வரிசையிலே கதிரையில் இருக்கும் பெரியோர்கள் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். மண்டபத்துக்கு இடம் போதாமல் வெளி விறாந்தையிலே நிற்கும் தாய்மாரும் கூலிக்குத் தோட்டத்தில் வேலை செய்யும் தோழர்களும் முதலிலே உள்ளே வந்து கையொப்பமிடட்டும். பேனை இதோ இருக்கிறது.